பட்டாசு வெடிக்காத ஊர்

மதுரையிலிருந்து பிள்ளையார்பட்டிக்குக் காரில் போகிறீர்களா? மேலூர் தாண்டி, திருப்பத்தூருக்கு முன்பாகவே கொள்ளுகுடிப்பட்டி வரும். 1977-ல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இங்குதான் இருக்கிறது. மழைக்குக் கண்மாய் நிறைந்துவிட்டால் நத்தைகுத்தி நாரை, கொக்கு, கரண்டிவாயன் என மரமெல்லாம் பறவைகள்தான்!

வெடிச்சத்தம் கேட்டால் தாய்ப்பறவை கூட்டைவிட்டுப் பறந்துவிடும். அந்த நேரம் பார்த்து முட்டையையும் குஞ்சையும் காகம் தூக்கிவிடும். அதனால், இந்த ஊரில் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு கிடையாது. சின்னப் பிள்ளைகளே அந்த ஆசையை விட்டுக்கொடுக்கிறார்கள்.

பத்து நிமிஷம் நின்று பார்க்கிறவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காலையிலோ மாலையிலோ போங்கள். ஹாரன் அடிக்காதீர்கள். கரையிலேயே நில்லுங்கள். போட்டோவுக்காகக் கைதட்டிப் பறவைகளைக் கிளப்பாதீர்கள். உட்கார்ந்திருக்கும் பறவைதான் அழகு. அதன் அடியில் முட்டை இருக்கலாம்!