ஆன்லைனில் பௌத்தம் படிக்கலாம், தியானமும் பழகலாமா?

ராத்திரி பதினோரு மணிக்கு ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போகும்போது நடுவில் ஒரு புத்தர் சிலை வரும். பின்னணியில் புல்லாங்குழல். ‘சில வாரங்களில் மன அமைதி, சான்றிதழும் உண்டு’ என்று ஒரு விளம்பரம். இன்னொரு பக்கம் பிரின்ஸ்டன், ஹார்வர்டு போன்ற பல்கலைக்கழகங்களே பௌத்தத்தை ஆன்லைன் பாடமாக வைத்திருக்கின்றன. ஹெட்ஸ்பேஸ், காம் மாதிரி செயலிகள் வேறு. போன் திரையில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இவை ஒரே சரக்கு இல்லை. பௌத்தத்தைப் பற்றிப் படிப்பது ஒன்று. பௌத்த மரபில் வந்த ஒரு பயிற்சியை நம் மனதின்மேல் செய்து பார்ப்பது வேறு. முதலாவதற்கு இணையம் தாராளமாகப் போதும். இரண்டாவதற்குப் போதுமா?

படிப்பில் பிரச்சினை இல்லை

கோர்செராவில் இருக்கும் ‘பௌத்தமும் நவீன உளவியலும்’ பாடத்தை நடத்துபவர் ராபர்ட் ரைட். துறவி அல்ல, பத்திரிகையாளர். மனிதன் ஏன் திருப்தி அடைவதே இல்லை, ‘நான்’ என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா என்பதில் புத்தர் சொன்னதையும் பரிணாம உளவியல் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். மறுபிறவி போன்ற நம்பிக்கைகளை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் பேசுகிறேன் என்பதை அவரே சொல்லிவிடுகிறார். எட்எக்ஸில் இருக்கும் ஹார்வர்டு பாடம் நூல்களின் வழியாகப் போகிறது. மூல நூல்களையே வாசிக்க நினைப்பவர்களுக்கு 2005இல் தொடங்கிய சுத்தசென்ட்ரல் தளத்தில் பாலி சூத்திரங்களும் மொழிபெயர்ப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் பல்கலைக்கழக நூலக அட்டை இல்லாமல் இதையெல்லாம் தொடவே முடியாது.

பாதியில் விட்டுவிடுவோமே என்றால், ஆமாம், விட்டுவிடுவோம். ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களை ஆராய்ந்து 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. பதிவு செய்தவர்களில் 52 சதவீதம் பேர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. 2017-18இல் முடித்தவர்கள் 3.13 சதவீதம். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் மட்டும் 46 சதவீதம். (காசு போட்டால்தான் நமக்கு அக்கறை வரும் என்பது உலகப் பொதுப் பழக்கம் போலிருக்கிறது.) இதில் நஷ்டம் பெரிதில்லை. மூன்று வீடியோ பார்த்து நிறுத்தினாலும் மூன்று வீடியோ அளவுக்குத் தெரிந்துகொண்டிருப்போம்.

கோயங்கா முகாம் ஏன் யூடியூபுக்கு வரவில்லை?

தியானத்துக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. அதைப் புரிந்துகொள்ள எஸ்.என். கோயங்காவின் 10 நாள் விபஸ்ஸனா முகாமைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். இகத்புரியில் தலைமை மையம் இருக்கிறது; சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் ‘தம்ம சேது’ மையம் உண்டு. கோயங்கா 2013இல் காலமாகிவிட்டார். ஆனால் முகாமில் இன்றும் பாடம் நடத்துவது அவர் குரல்தான். பயிற்சிக் குறிப்புகள் ஒலிப்பதிவு, மாலைச் சொற்பொழிவு வீடியோ பதிவு. அதாவது மொத்தப் பாடமும் ரெக்கார்டிங். இன்றைக்கு நினைத்தால் அப்படியே இணையத்தில் ஏற்றிவிடலாம். வீட்டிலிருந்தே முடித்துவிடலாம் என்று தோன்றும்.

ஆனாலும் முழுப் பயிற்சியையும் நேரில் வந்தால்தான் சொல்லிக்கொடுப்போம் என்கிறார்கள். காலை 4 மணிக்கு மணி அடிக்கும். ஒரு நாளில் சுமார் 10 மணி நேரம் தியானம். பேச்சு கிடையாது, போனை முதல் நாளே ஒப்படைத்துவிட வேண்டும். முதல் மூன்று நாட்கள் மூச்சைக் கவனிப்பது மட்டும். நான்காவது நாள்தான் விபஸ்ஸனா தொடங்கும். முக்கியமான ஆள் ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பார்: உதவி ஆசிரியர். மதியம் தனியாகப் போய் அவரிடம் சந்தேகம் கேட்கலாம், ராத்திரியும் கேட்கலாம். விண்ணப்பப் படிவத்திலேயே மனநலச் சிகிச்சை எடுத்திருக்கிறீர்களா என்று விசாரிக்கிறார்கள். தங்க, சாப்பிடக் கட்டணம் இல்லை. ஒரு முகாமையாவது முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை வாங்குகிறார்கள்.

ஆக, பாடத்தை அனுப்புவது அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஆளைத்தான் அனுப்ப முடியாது.

இந்த மரபின் முன்கதையில் ஆபீஸ்காரர்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. கோயங்காவின் குரு ஊ பா கின், சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்காயர். தன் அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தவர். கார்ப்பரேட் தியான வகுப்பு சிலிக்கான் பள்ளத்தாக்கில் பிறந்தது என்று யாராவது சொன்னால் ரங்கூனை நினைவுபடுத்துங்கள். பர்மாவில் வியாபாரியாக இருந்த கோயங்கா கடுமையான ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடித்தான் அவரிடம் போனார். தலைவலி தீர்ப்பதற்கு மட்டும்தான் என்றால் வேண்டாம் என்று ஊ பா கின் முதலில் மறுத்துவிட்டார். இன்றைய செயலி எதுவும் அப்படி ஒரு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பாது.

‘போதும், நிறுத்து’ என்று சொல்வது யார்?

தியானம் என்றால் நல்லதுதானே, கெடுதல் என்ன வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லோபி பிரிட்டனும் சக ஆய்வாளர்களும் 2017இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வெளியிட்ட ஆய்வு வேறு படத்தைக் காட்டியது. பௌத்த மரபுகளில் தியானம் செய்யும் 60 மேற்கத்தியரிடம், அவர்களுக்கு நேர்ந்த கடினமான அனுபவங்களைப் பற்றி விரிவாகக் கேட்டார்கள். பயம், தூக்கம் போவது, உணர்ச்சியே மரத்துப்போவது, ‘நான்’ என்ற உணர்வு கலைந்து திகைப்பது என்று பட்டியல் 59 வகையாக நீண்டது. சிரமப்பட்டவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்ட ஆய்வு என்பதால், எத்தனை பேருக்கு இப்படி ஆகும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆகும் என்று சொல்லலாம். அந்த நேரத்தில் வீட்டில் தனியாக ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருப்பவருக்கு, ‘மூச்சைக் கவனியுங்கள்’ என்று பதிவுக் குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். எழுந்து நடந்துவிட்டு வா என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

விளம்பரங்களில் வரும் ‘மருந்துக்கு இணையானது, ஆய்வில் நிரூபணம்’ என்பதையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு ஆய்வு உண்மையிலேயே இருக்கிறது. பதற்றக் கோளாறு உள்ள 276 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு எசிடலோபிராம் மாத்திரையும் இன்னொன்றுக்கு எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பும் கொடுத்தார்கள். வகுப்பு மாத்திரைக்குப் பின்தங்கவில்லை என்று 2022இல் முடிவு வந்தது. ஆனால் அது ஜான் கபாட்-ஜின் 1979இல் உருவாக்கிய முறை. வாரந்தோறும் ஆசிரியரோடு நேரில் நடந்த வகுப்பு. நாலு நிமிட ஆடியோ அல்ல. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் அதை நிறுத்திவிடலாம் என்றும் அது சொல்லவில்லை.

அதற்காகச் செயலியே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. தினமும் பத்து நிமிடம் மூச்சைக் கவனிப்பதற்குப் பெரும்பாலானவர்களுக்கு எதிரே குரு தேவைப்படாது. ஒரு நாளில் பல மணி நேரம், வாரக்கணக்கில் என்று போகும்போதுதான் விஷயம் வேறு.

எந்த பௌத்தம்?

இன்னொன்று, படிப்புப் பக்கமே பார்த்தாலும் எதை விட்டுவிடுகிறார்கள் என்று கவனிக்கலாம். செயலிகளின் மையத்தில் இருப்பது தனி மனிதரின் மனம்: என் ஸ்ட்ரெஸ், என் தூக்கம், என் கவனம். பொதுமக்கள் திரளாகத் தியானம் கற்பதே பெருமளவுக்குப் புதிய வழக்கம். 1885இல் ஆங்கிலேயர் மண்டலேயைப் பிடித்த பிறகு, தம்மம் அழிந்துவிடுமோ என்ற கவலையில் லேடி சயாடோ போன்ற பர்மியத் துறவிகள் இல்லறத்தாருக்கும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததில் வளர்ந்தது அது.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் அம்பேத்கர் ஏற்ற பௌத்தத்தின் மையம் வேறு. மறு ஆண்டு வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில், நான்கு உன்னத உண்மைகள் புத்தரின் மூல உபதேசம்தானா, பிற்காலத்தில் சேர்ந்ததா என்றே கேட்டார். அவருக்குத் தம்மம் என்பது மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு. அதற்கும் அரை நூற்றாண்டு முன்பே, 1898இல் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியதும் சாதிக்கு எதிரான கேள்வியோடுதான். ‘பௌத்தம்’ என்று தலைப்பிட்ட பாடத்தில் சேரும்முன் பாடத்திட்டத்தில் இவர்கள் வருகிறார்களா என்று ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள்.

பணம் கட்டும் முன்

தியான வகுப்பு என்றால் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். நடத்துபவர் யாரிடம், எத்தனை ஆண்டு கற்றார்? வகுப்பு நேரலையா, பதிவா? இடையில் சிரமம் வந்தால் யாரை அழைப்பது, அவர் எவ்வளவு நேரத்தில் பதில் தருவார்? இதற்குச் சரியான பதில் வரவில்லை என்றால் சான்றிதழ் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விட்டுவிடலாம். மன அழுத்தம், பதற்றத்துக்கு ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது. பயிற்சியின்போது தூக்கம் கெட்டாலோ பயம் தொடர்ந்தாலோ நிறுத்திவிட்டு, அரசின் டெலி-மானஸ் இலவச எண்ணான 14416இல் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

சும்மா தொட்டுப் பார்க்க ஆசை என்றால், விபஸ்ஸனா அமைப்பே ‘மினி ஆனாபான’ என்ற சிறிய மூச்சுப் பயிற்சியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதற்கு மேல் போக விரும்பி 10 நாள் முகாமுக்கு விண்ணப்பிப்பவர்கள், லீவு கேட்கும்போதே போன் கையில் இருக்காது என்பதையும் மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள்.