எல்லோருக்கும் ஒரே ஆங்கில வகுப்பு போதாது



நமது சங்கத்தின் சார்பில் உறுப்பினர்களுக்கும் கடை ஊழியர்களுக்கும் ஆங்கில வகுப்பு தொடங்க வேண்டும் என்று பலரும் கூறி வருகிறார்கள். நல்ல யோசனை, வரவேற்கிறேன். ஆனால் எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்து, ஒரே புத்தகத்தைக் கையில் கொடுத்து, 'முப்பது நாளில் ஆங்கிலம்' என்று ஆரம்பித்தால் அந்த வகுப்பு ஒரு மாதம்கூட நிற்காது என்பதே என் கருத்து.

அனுபவத்தில்தான் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படி ஒரு வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். முதல் நாளே கரும்பலகையில் பன்னிரண்டு கட்டம் போட்டு இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று தொடங்கிவிட்டார்கள். நான் போனது, கடைக்கு வரும் வரி அறிவிப்பைப் படித்துப் புரிந்துகொள்ள. பக்கத்தில் இருந்த லாட்ஜ் ஊழியருக்கோ அறை வாடகை சொல்லத் தெரிந்தால் போதும். பின் வரிசையில் என் கடையிலேயே பொட்டலம் மடிக்கும் தம்பி உட்கார்ந்திருந்தான். ஆசிரியர் என்னை எழுப்பிக் கேள்வி கேட்டார். நான் விழித்தேன், தம்பி பதில் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் நானும் போகவில்லை, அவனும் போகவில்லை. கட்டிய பணம் போனது பெரிதல்ல. வயதான காலத்தில் படிக்கத் துணிந்த மனது சுருங்கிப் போனதே, அதுதான் நஷ்டம்.

நமது ஊருக்கு ஆங்கிலம் புதிதல்ல. 1934இல் பால் பிரண்டன் எழுதிய புத்தகம் ரமண மகரிஷியை மேல்நாட்டாருக்கு அறிமுகப்படுத்தியது. அன்று முதல் இன்று வரை வெளிநாட்டு அன்பர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். செங்கம் சாலையில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கு வரும் பிரெஞ்சுக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் ரஷ்யருக்கும்கூட ஆங்கிலம் தாய்மொழி அல்ல. அவர்களும் நம்மைப் போலக் கற்றுக்கொண்டவர்களே. எனவே அவர்களிடம் இலக்கணச் சுத்தம் தேவையில்லை. எண் சுத்தம் தேவை. 'பிஃப்டீன்' என்று நாம் சொல்வது அவர் காதில் 'பிஃப்டி' என்று விழுந்தால் வியாபாரமும் கெட்டது, பெயரும் கெட்டது. நாம் 'லட்சம்' என்றால் அவருக்குப் புரியாது. 'நூறு ஆயிரம்' என்று சொல்ல வேண்டும். இதற்கு இருபது, முப்பது வாக்கியங்களும் தினசரிப் பேச்சுப் பயிற்சியும் போதும்.

சன்னதித் தெருவில் நிலைமை வேறு. அங்கே பூஜைப் பொருள் விற்பவருக்கு ஆந்திரா, தெலங்கானா பக்தர்களே அதிகம். அவருக்கு ஆங்கிலத்தைவிடத் தெலுங்கு அவசரம். அவரை ஆங்கில வகுப்பில் உட்கார வைப்பது அவர் நேரத்தை வீணாக்குவதாகும்.

மளிகைக் கடைக்காரரின் தேவை பேச்சு அல்ல, வாசிப்பு. பொட்டலத்தில் 'யூஸ் பை' என்று போட்ட தேதி கடந்தால் அந்தச் சரக்கை விற்கவே கூடாது. 'பெஸ்ட் பிஃபோர்' என்பது தரம் குறையத் தொடங்கும் தேதியைச் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்தால், விற்கக் கூடாததை விற்று அதிகாரியிடம் மாட்டுவோம். அல்லது விற்கக் கூடியதைக் கொட்டி நஷ்டப்படுவோம்.

மொத்த வியாபாரிக்கு வேறொரு கவலை. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தது முதல் அறிவிப்புகள் இணையதளத்திலேயே, ஆங்கிலத்திலேயே வருகின்றன. கணக்குத் தாக்கல் செய்யாதவருக்கு வரும் அறிவிப்பில் 15 நாள்தான் கெடு. பதில் எழுத ஆடிட்டர் இருக்கிறார். ஆனால் எதற்காக வந்திருக்கிறது, எவ்வளவு தொகை, கடைசி நாள் எது என்ற மூன்றையும் நாமே படித்தால்தான் ஆடிட்டரிடம் உரிய நேரத்தில் போக முடியும். அலைபேசியே மொழிபெயர்த்துவிடுமே என்பார்கள். உண்மைதான். அது சொன்னது சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கவாவது நமக்கு இந்த மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். அறிவிப்புகள் தமிழில் வர வேண்டும் என்ற கோரிக்கையையும் நாம் கைவிடலாகாது.

பெரியவர்கள் தமது தேவையை ஒட்டித்தான் கற்பார்கள் என்பதற்கு நமது மாநிலத்திலேயே சான்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் கல் குவாரியில் உழைத்த பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். வேலைக்கும் தண்ணீருக்கும் பிறர் தயவில்லாமல் போய்வரச் சைக்கிள் உதவியது. அதனால் ஆர்வம் வந்தது. வங்காளத்தில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலக் கல்வியாளரும் 1926லேயே, வங்காள மாணவருக்குப் பேச்சைவிட வாசிப்பே முதல் தேவை என்று எழுதினார். யாருக்கு என்ன தேவை என்று கேட்ட பிறகே பாடம் வகுக்க வேண்டும் என்பதுதான் இவை காட்டும் வழி.

ஆகவே நிர்வாகக் குழுவின் கவனத்திற்குச் சில யோசனைகள்:

ஒன்று, சேர வருபவரிடம் என்ன படித்திருக்கிறார் என்று கேட்க வேண்டாம். 'போன மாதம் ஆங்கிலம் தெரியாமல் எந்த இடத்தில் தடுமாறினீர்கள்?' என்று கேட்போம். அந்தப் பதிலை வைத்துப் பேச்சு, வாசிப்பு, கடிதம் என மூன்று பிரிவாகப் பிரிப்போம்.

இரண்டு, ஒரே பிரிவிலும் ஏற்றத்தாழ்வு இருக்கும். அதற்கு அஞ்ச வேண்டாம். ஒரே அறிவிப்பை எல்லோர் கையிலும் கொடுப்போம். எழுத்துக் கூட்டுபவர் தேதியைக் கண்டுபிடிக்கட்டும். சற்றுத் தெரிந்தவர் தொகையைச் சொல்லட்டும். நன்கு தெரிந்தவர் காரணத்தை விளக்கட்டும்.

மூன்று, ஒரே கடையின் முதலாளியும் ஊழியரும் ஒரே வகுப்பில் இருக்கக் கூடாது. இது ஏற்றத்தாழ்வு பார்ப்பதல்ல. இருவர் மானத்தையும் காப்பது.

நான்கு, மாலை நேரம் நமக்கு வியாபார நேரம். கடை ஓய்ந்திருக்கும் மதிய வேளையில் ஒரு மணி நேரம் போதும். பௌர்ணமிக்கும் தீபத் திருவிழாவுக்கும் விடுமுறை விட்டுவிடலாம். ஊழியருக்கு அந்த ஒரு மணி நேரத்தைச் சம்பள நேரமாகவே கருத வேண்டும்.

'ஆங்கிலம் கற்றால் பையன் வேறு வேலைக்குப் போய்விடுவானே' என்று சில நண்பர்கள் என்னிடம் கேட்டார்கள். சிலர் போவார்கள்தான். நம்மில் பலரும் ஒரு காலத்தில் பிறர் கடையில் தொழில் கற்று வெளியே வந்தவர்களே என்பதை மறந்துவிடக் கூடாது. கற்றவன் இருக்கும் வரை கடைக்கு லாபம். போனாலும் நம்மை வாழ்த்திவிட்டுப் போவான்.

என் கடைத் தம்பி இன்னும் என்னிடம்தான் இருக்கிறான். வகுப்பு தொடங்கினால் முதல் பெயராக அவன் பெயரைக் கொடுப்பேன். அடுத்த பிரிவில் என் பெயரையும் எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.