பதிவும் ஒரு பதிப்புதான்

எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதத்தில் எத்தனை குரல்கள் பாடுகின்றன? நம்மில் பலர் பிறந்ததிலிருந்து அதைக் கேட்டு வருகிறோம். கோயிலில், அப்பாவின் காடியில், பக்கத்து வீட்டு அம்மாவின் கைப்பேசியில். இருந்தும் இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் 'ஒன்று' என்றுதான் பதில் வரும். 1963இல் வந்த அந்த இசைத்தட்டில் எம்.எஸ்.ஸுடன் அவர் வளர்ப்பு மகள் ராதா விஸ்வநாதனும் சேர்ந்து பாடியிருக்கிறார். கோயில் குழாய் ஒலிபெருக்கி அந்த இரண்டு குரலையும் பிசைந்து ஒன்றாக்கிவிடும். சுமாரான ஒரு ஜோடி ஸ்பீக்கரில் ஒழுங்கான பதிப்பைப் போட்டு, கொஞ்சம் அமைதியாக உட்கார்ந்து கேட்டால் இரண்டும் பிரிந்து நிற்கும்.

நல்ல ஒலிக்கருவி எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இவ்வளவுதான். பாட்டில் ஏற்கெனவே இருக்கும் ஆளைப் பார்ப்பதற்கு.

ஆனால் நம் ஊரில் இந்தக் காரணத்துக்காகக் கருவி வாங்குகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சிங்கப்பூர் அடெல்ஃபி கட்டடத்திலோ கோலாலம்பூரின் ஏதாவதொரு ஹைஃபை கடையிலோ ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஈகிள்ஸ் 1994இல் மேடையில் வாசித்த ஹோட்டல் கலிஃபோர்னியா ஓடும். தொடக்கத்தில் அந்த டிரம் 'தும்' என்று விழும்போது எல்லாரும் தலையாட்டுவார்கள். அடுத்து நில்ஸ் லாஃப்கிரனின் கிட்டார். அதற்கடுத்து டயானா கிரால். 20,000 வெள்ளிக்குப் பெட்டி வாங்கிவிட்டு வாழ்நாள் முழுக்க ஏழெட்டுப் பாட்டை மட்டும் சுற்றிச் சுற்றிக் கேட்கிற அண்ணன்களை எனக்குத் தெரியும். "தமிழ்ப் பாட்டு ஏதாச்சும் போடுங்கண்ணே" என்றால், "அதெல்லாம் இதுல எடுபடாது தம்பி. நம்மாளுங்க ரெக்கார்டிங் சரியில்ல" என்பார்கள். முடிந்தது கதை.

மறுபக்கம் என் இலக்கிய நண்பர்கள். இவர்கள் பாட்டின் வரியை மட்டும் கேட்பவர்கள். "பாட்டுன்னா பாட்டுதானே, போன்ல கேட்டா என்ன, பெட்டியில கேட்டா என்ன?" என்று கேட்பார்கள். ஒலியைப் பற்றிப் பேசினாலே பணக்காரப் பொழுதுபோக்கு என்று முகம் சுளிப்பார்கள்.

எதிரெதிர் மாதிரி தெரிந்தாலும் இந்த இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில்தான் தவறுகிறது. ஒலிப்பதிவு என்பது யாரோ சிலர் உட்கார்ந்து, தேர்ந்தெடுத்து, வெட்டி, சேர்த்து, திருத்திச் செய்த ஒரு பொருள் என்று இரண்டு பேருமே நினைப்பதில்லை. அதற்குப் பதிப்புகள் உண்டு, நல்ல பதிப்பும் கெட்ட பதிப்பும் உண்டு என்பதும் அவர்கள் கணக்கில் இல்லை.

இலக்கியம் வாசிக்கிற நமக்கு இது புரியாமல் இருக்கக் கூடாது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது கைக்குக் கிடைத்த முதல் ஏட்டை அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடவில்லை. ஊர் ஊராகப் போய் ஏடுகளைத் தேடி, ஒப்பிட்டு, பாடபேதம் பார்த்துக் கொடுத்தார். பாரதி கவிதையில் ஒரு சொல் மாறி அச்சானால் நாம் சண்டைக்குப் போவோம். பாட்டுக்கு மட்டும் யூடியூபில் முதலில் வந்து நிற்பதுதான் மூலபாடம்.

இசையில் பாடபேதம் எப்படி இருக்கும்? மைல்ஸ் டேவிஸின் கைண்ட் ஆஃப் ப்ளூ தொகுப்பைப் பாருங்கள். 1959இல் நியூயார்க்கில், முன்பு தேவாலயமாக இருந்த ஒரு கொலம்பியா ஒலிக்கூடத்தில் பதிவானது. முதல் நாள் பதிவின்போது ஒரு நாடா இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் திருப்பிப் போட்டால் சுருதி கொஞ்சம் ஏறிக் கேட்கும். இசைத்தட்டின் முதல் பக்கம் முழுதும் அப்படித்தான் வெளிவந்தது. 30 ஆண்டுகளுக்கு மேல் உலகமே அதைத்தான் கேட்டது. இன்னொரு இயந்திரத்தில் சரியான வேகத்தில் ஓடிய காப்பு நாடாவைத் தேடி எடுத்து, 1992இல்தான் திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தார்கள். ஏடு தேடும் வேலையேதான் இதுவும்.

இப்போது என் தொழில் பக்கம் வருகிறேன். நான் இங்கேயே படித்த மின்னியல் பொறியாளன். ஒலி என் பிழைப்பு இல்லை, சிக்னல் என்றால் என்ன என்று தெரியும், அவ்வளவுதான். நம் ஆட்கள் எம்பி3யா ஃபிளாக்கா என்று விடிய விடியச் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையில் இரண்டு வேறு விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. ஒன்று கோப்பைச் சுருக்குவது. எம்பி3 செய்வது இது. நல்ல தரத்தில் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. மற்றொன்று ஒலியின் ஏற்ற இறக்கத்தை அமுக்குவது. மெல்லிய ஓசையைத் தூக்கி, உரத்த ஓசையின் தலையைச் சீவி, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் நிறுத்திவிடுவது. பாட்டு சட்டென்று சத்தமாகக் கேட்கும், கடையில் பளிச்சென்று எடுபடும். ஆனால் பாடகர் மூச்சு எடுக்கும் இடமும் மிருதங்கத் தட்டும் ஒரே அளவில் நின்றால் அங்கே தாளம் ஏது?

இந்தச் சத்தப் போட்டியை எவரும் கண்டுபிடித்துவிடலாம். மெட்டாலிக்காவின் டெத் மேக்னெட்டிக் 2008இல் வந்தபோது இளைஞர்களே கண்டுபிடித்தார்கள். அதே பாடல்கள் கிட்டார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டிலும் வந்தன. குறுந்தட்டில் இருந்ததைவிட விளையாட்டில் இருந்தது நன்றாக மூச்சு விட்டது. ரசிகர்கள் மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். எந்தக் கேபிள் மாற்றியிருந்தாலும், எந்த ஆம்ப் வாங்கியிருந்தாலும் அந்தக் குறுந்தட்டைக் காப்பாற்றியிருக்க முடியாது. சேதம் அச்சுக்குப் போகும் முன்பே நடந்துவிட்டது.

அதனால்தான் 'ஹைரெஸ்', '24 பிட்', 'லாஸ்லெஸ்' என்ற முத்திரைகளைப் பார்த்துக் காசு கொடுப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. சாதாரணக் குறுந்தட்டின் 16 பிட்டுக்குள்ளேயே ஏறத்தாழ 96 டெசிபல் ஏற்ற இறக்கத்துக்கு இடம் இருக்கிறது. மின்விசிறி சுழலும், வாசலில் மோட்டார் சைக்கிள் போகும் நம் டெரஸ் வீட்டில் அதில் பாதியைக்கூட நாம் பயன்படுத்துவதில்லை. நசுக்கிய பாட்டை 24 பிட் கோப்பில் போட்டால் கிடைப்பது பெரிய கோப்பில் இருக்கும் நசுங்கிய பாட்டுதான். புளித்துப்போன குழம்பை வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்து 'கிண்ணத்தைப் பாருங்க' என்று சொல்கிற கதை.

'ரீமாஸ்டர்ட்' என்ற சொல்லும் அப்படித்தான் ஆகிவிட்டது. நான் கணினியில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தேன். 80களில் வந்த ஒரு தமிழ்த் திரைப்பாடலின் பழைய குறுந்தட்டையும், இணையத்தில் ஒரு நிறுவனம் 'ரீமாஸ்டர்' என்று ஏற்றியிருந்த வடிவத்தையும் ஆடாசிட்டியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். பழையது மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கியது. புதியது செங்கல் மாதிரி இருந்தது. பேஸ் கிட்டாருக்கு மேல் செயற்கையாக அடிச்சத்தம் ஏற்றியிருந்தார்கள். பாடகியின் குரலுக்கு அசலில் இல்லாத எதிரொலி. கீழே ஆயிரக்கணக்கில் விருப்பக்குறிகள்.

என் பயம் இதுதான். பழைய கேசட்டும் குறுந்தட்டும் விற்ற கடைகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. வீட்டில் இருந்த தட்டுகளைத் தைப்பூசத்துக்கு வீடு சுத்தம் செய்யும்போது தூக்கிப் போட்டுவிட்டோம். அடுத்த தலைமுறைக்கு அந்தச் செங்கல்தான் இளையராஜா. மூலம் எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் ஏடே இருக்காது.

'நம்மாளுங்க ரெக்கார்டிங் சரியில்ல' என்ற அண்ணன்களுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். உலகம் முழுக்க ஹைஃபைக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் தட்டுகளில் ஒன்று 'எ மீட்டிங் பை த ரிவர்'. ரை கூடரும் விஸ்வ மோகன் பட்டும் 1992இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில், ஒரு தேவாலயக் கூடத்தில், பெரிய ஒத்திகை எதுவும் இல்லாமல் வாசித்தது. அடுத்த ஆண்டு வெளியாகிக் கிராமி விருதும் வாங்கியது. அதைப் பதிவு செய்தவர் யார்? இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். ப்ளூம்லைன் 1930களில் வகுத்த முறைப்படி இரண்டே மைக்குகள், நாடா, அந்தக் கூடத்தின் காற்று. அவ்வளவுதான் அவர் கையிருப்பு. அவருடைய வாட்டர் லில்லி நிறுவனத்திலிருந்தே 1995இல் 'மும்தாஜ் மஹல்' வந்தது. அதில் சித்திரவீணை வாசிப்பவர் நம் ரவிகிரண். அடெல்ஃபியில் உட்கார்ந்திருக்கும் எத்தனை தமிழருக்கு இது தெரியும்?

சினிமாவுக்கு வெளியே இளையராஜா 1986இல் செய்த 'ஹவ் டு நேம் இட்?' இருக்கிறது. வயலின் கூட்டத்துக்கு முன்னால் வி.எஸ். நரசிம்மனின் ஒற்றை வயலின் தனியாக எழுந்து நிற்பதை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டவர்கள் திரும்பக் கைப்பேசி ஸ்பீக்கருக்குப் போக மாட்டார்கள். ஏ.ஆர். ரஹ்மானோடு பல ஆண்டுகள் பணியாற்றி 2008இல் மறைந்த ஒலிப்பொறியாளர் ஹெச். ஸ்ரீதரை நம்மில் எத்தனை பேர் பெயர் சொல்லி நினைவுகூர்கிறோம்? ரஹ்மான் பாட்டின் 'சவுண்டு' என்று நாம் வியந்த பலவற்றில் அவருடைய காது இருக்கிறது.

நல்ல பதிவைத் தேடப் பெரிய வித்தை தேவையில்லை. முதலில் தட்டின் உறையை வாசியுங்கள். எந்தக் கூடம், யார் பதிந்தார், யார் கலந்தார் என்று பாருங்கள். ஒரு பொறியாளரின் ஒரு தொகுப்பு பிடித்தால் அவர் கைபட்ட அடுத்ததைத் தேடுங்கள். ஒரே பாட்டின் இரண்டு பதிப்பை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். சத்தம் கூடியதே நல்லதென்று காது நம்மை ஏமாற்றும். ஒரு தம்புரா ஓசை அடங்கும் இடத்தைக் கவனியுங்கள். மெல்லக் கரைந்து போனால் நல்லது. கத்தரித்தது மாதிரி நின்றாலோ, சுற்றியுள்ள ஓசை பொங்கி மேலே வந்தாலோ யாரோ கைவைத்திருக்கிறார்கள். பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வார இறுதியில் பழைய தட்டு விற்கிறார்கள். நல்ல ஹெட்ஃபோனுக்குச் சில நூறு வெள்ளி போதும். 20,000 வெள்ளிக்காரர் இசையை வாங்கிவிட்டார் என்று யாரும் பட்டா எழுதிக் கொடுக்கவில்லை.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அருமையாகப் பதிந்த மொக்கை இசை மொக்கைதான். மணி ஓசை துல்லியமாக விழுகிறது என்பதற்காக உயிரில்லாத பாட்டை நூறு முறை கேட்பவனைவிட, கரகரக்கும் வானொலியில் பி. சுசீலாவைக் கேட்டு அழுகிறவர் ஆயிரம் மடங்கு மேல். கேட்கத் தகுந்த இசை, அதற்கு நியாயம் செய்யும் பதிவு என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்பது பேராசை இல்லை.

இங்கே எழுதுகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. நம் நாட்டுத் தமிழ்க் கலைஞர்கள் மாதாமாதம் புதுப்பாட்டு வெளியிடுகிறார்கள். நம் விமர்சனங்கள் வரியைப் பேசுகின்றன, மெட்டைப் பேசுகின்றன, காணொளியில் வந்த காடியைக்கூடப் பேசுகின்றன. ஒலியைக் கலந்தவர் பெயரைச் சொன்ன ஒரு விமர்சனத்தை நான் இன்னும் வாசிக்கவில்லை. வீட்டு அறையில் ஒலிக்கூடம் வைத்திருக்கும் என் நண்பன் சொன்னான்: "மச்சான், நான் அளவா முடிச்சுக் கொடுத்தா, சத்தம் பத்தலன்னு திருப்பி அனுப்புறாங்க." ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாட்டையும் கிட்டத்தட்ட ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிபரப்புகின்றன. நசுக்கி ஏற்றிய சத்தத்தை அவை இறக்கிவிடும், நசுங்கல் மட்டும் மிஞ்சும். இதை அந்தப் பாடகரிடம் யாராவது எழுதிச் சொல்ல வேண்டாமா? அடுத்த விமர்சனத்தில் ஒரே ஒரு பத்தி போதும். கலந்தவர் பெயரோடு ஆரம்பியுங்கள்.