வரியை எதிர்த்த பருத்தி மாநிலம்

பருத்தி விலை சரியும்போதெல்லாம் விவசாயிகள் கூட்டங்களில் ஒரு கேள்வி எழும். "இறக்குமதி வரியை டெல்லி குறைக்கிறது, அடி விழுவது நமக்கு. நம் மாநில அரசு அதைச் செல்லாது என்று அறிவிக்க முடியாதா?"

முடியாது. சுங்க வரி, அரசியல் சாசனப்படி மத்திய அரசின் அதிகாரம். 2025 ஆகஸ்டில் பஞ்சு மீதான 11 சதவீத இறக்குமதி வரியைத் தற்காலிகமாக நீக்கியதும், டிசம்பர் 31 வரை அதை நீட்டித்ததும் அந்த அதிகாரத்தில்தான். ஆனால், 'முடியும்' என்று சட்டமே இயற்றிப் பார்த்த ஒரு பருத்தி மாநிலம் உண்டு. அமெரிக்காவின் தெற்கு கரோலினா. அதன் அனுபவம் நமக்கும் பாடம்.

அவர்களின் குறை நமக்கு நேர்மாறானது. நாம் வரி குறைந்தால் அஞ்சுகிறோம். அவர்கள் வரி உயர்ந்ததால் கொதித்தார்கள். பஞ்சை இங்கிலாந்துக்கு விற்று, துணியையும் இரும்புச் சாமான்களையும் வெளியிலிருந்து வாங்கியவர்கள் அவர்கள். வட மாநில ஆலைகளைக் காக்க 1828இல் நாடாளுமன்றம் இறக்குமதி வரியை உயர்த்தியது. விளையும் 100 பேலில் 40 பேல் வரிக்கே போகிறது என்று ஜார்ஜ் மெக்டஃபி என்ற தலைவர் கணக்குச் சொன்னார். கணக்கு மிகையானது, ஆனாலும் ஊரெல்லாம் பரவியது.

1832இல் வரி சற்றுக் குறைந்தும் அவர்கள் அடங்கவில்லை. நவம்பர் 24 அன்று மாநில மாநாடு, 1828, 1832ஆம் ஆண்டு வரிச் சட்டங்கள் தங்கள் எல்லைக்குள் செல்லாது என்றும், 1833 பிப்ரவரி 1 முதல் வரி வசூலிக்கக் கூடாது என்றும் அறிவித்தது. இதற்கு வாதம் வகுத்துக் கொடுத்த ஜான் கால்ஹூன், துணைக் குடியரசுத் தலைவர் பதவியையே துறந்தார்.

குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சனும் தென்பகுதியில் பருத்தித் தோட்டம் வைத்திருந்தவர்தான். ஆனாலும், ஒன்றியத்தில் இருந்துகொண்டே அதன் சட்டத்தை ஒரு மாநிலம் ரத்து செய்ய முடியாது என்று அவர் உறுதியாக நின்றார். பக்கத்துத் தென் மாநிலங்களும் தெற்கு கரோலினாவுடன் சேரவில்லை. கடைசியில் ஹென்றி கிளே சமரசம் கண்டார். வரியைப் படிப்படியாகக் குறைத்து 1842இல் 20 சதவீதத்துக்குக் கொண்டுவரும் சட்டமும், வசூலுக்குப் படையைப் பயன்படுத்தும் சட்டமும் 1833 மார்ச் 2 அன்று ஒன்றாகக் கையெழுத்தாயின. மாநிலம் தன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த மாநில மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அடிமைகள். பருத்தியைப் பறித்த அந்தக் கைகளை யாரும் கருத்துக் கேட்கவில்லை. டெல்லிபோல் ஒரு மத்திய அரசு நாளை அடிமை முறையிலும் கைவைக்குமோ என்ற முதலாளிகளின் அச்சமும் இந்தப் போராட்டத்துக்குள் இருந்தது. 1860இல் ஒன்றியத்தை விட்டு முதலில் வெளியேறியதும் இதே மாநிலம்தான்.

வேளாண் விஞ்ஞானியாக நான் கவனிப்பது வேறொன்று. விலை விழுந்ததற்கு வரி மட்டுமே காரணமல்ல. அலபாமா, மிசிசிப்பியின் புதிய வளமான நிலங்களிலிருந்து பஞ்சு சந்தையில் குவிந்தது. தெற்கு கரோலினாவின் மேட்டு நிலங்களோ தொடர் சாகுபடியாலும் மண் அரிப்பாலும் களைத்திருந்தன. மாநாடு கூடிய அதே 1832இல், வர்ஜீனியாவில் எட்மண்ட் ரஃபின், புளித்த நிலத்தைச் சுண்ணாம்பு மண்ணால் திருத்தும் வழியை நூலாக வெளியிட்டார். தெற்கு கரோலினாவுக்காக அதன் மண்ணை அவர் ஆய்வு செய்தது 1843இல்தான்.

நமது கரிசலுக்குச் சுண்ணாம்பு வேண்டியதில்லை. ஆனால் மண் பரிசோதனையும் தொழு உரமும் பயிர் சுழற்சியும் வேண்டும். இறக்குமதி வரி பற்றிய உங்கள் கோரிக்கை நியாயமானதே. அதை விடாமல் எழுப்புங்கள். தனியாக அல்ல, மற்ற பருத்தி மாநில விவசாயிகளுடன் சேர்ந்து. அதற்கு மிகைக் கணக்கு வேண்டாம். விதை முதல் பறிப்புக் கூலி வரை ஏக்கருக்கு என்ன செலவானது என்று நோட்டில் எழுதி வையுங்கள். விரிவாக்கப் பணியாளர்களே, இந்தப் பருவத்தில் உங்கள் ஊரில் பத்து விவசாயிகளையாவது அப்படி எழுத வையுங்கள். டெல்லியில் பேசப் போகிறவர் கையில் அந்த நோட்டு இருக்கட்டும்.