தாங்கி ஆடும்போது



சில வாரங்களுக்கு முன், ஓய்வுபெற்ற இராணுவ வீரரான பெரியவர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். உரிமம் பெற்ற பழைய .22 ரிம்ஃபயர் துப்பாக்கி ஒன்று அவரிடம் உண்டு. சுடுதளத்தில் அட்டையை நோக்கிச் சுடுவதற்கன்றி வேறெதற்கும் அவர் அதை எடுத்ததில்லை. அண்மைக்காலமாகக் குண்டுகள் இலக்கட்டையில் சிதறி விழுந்தன. ஸ்கோப் பழையதாகிவிட்டது என்றெண்ணிப் புதியதொன்றை வாங்கிப் பொருத்தினார். சிதறல் நிற்கவில்லை.

"கண்ணைக் குறை சொல்லிக் காசைச் செலவழித்தேன் ஐயா, குற்றம் காலில் இருந்தது" என்றார்.

அவர் கால் என்றது மவுண்ட்டை, அதாவது ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் தாங்கியை. பெரும்பாலான .22 துப்பாக்கிகளின் மேற்புறத்தில் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் அகலத்தில் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். தாங்கியின் பற்கள் அவற்றைக் கவ்விக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் பழகிய தாங்கியில் பற்கள் தேய்ந்திருந்தன; திருகுகளும் தளர்ந்திருந்தன. கைக்கு அசைவு தெரியாது. ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு வளையங்களுக்கு இடையே 100 மில்லிமீட்டர் தூரம் இருந்து, ஒரு முனை 0.1 மில்லிமீட்டர் விலகினாலும், 50 மீட்டர் தொலைவில் குறி 5 சென்டிமீட்டர் விலகிவிடும். ஒரு தாளின் கனமே அந்த விலகல்.

பெரியவர் இன்னொன்றும் கற்றுத்தந்தார். "ஐந்து குண்டு சுடுங்கள். ஐந்தும் நெருக்கமாக, ஆனால் மையத்தை விட்டு விலகி விழுந்தால், ஸ்கோப்பின் திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம். ஐந்தும் சிதறினால் திருகைத் தொடவே கூடாது. எங்கோ ஆட்டம் இருக்கிறது. அதைத்தான் முதலில் தேட வேண்டும்." பின்பு அவர் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருமுறை உறுதிசெய்து, பள்ளத்திலிருந்த எண்ணெயைத் துடைத்து, புதிய தாங்கியை அமர்த்தி, திருகுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கினார். அடுத்த முறை சுடுதளத்தில் குண்டுகள் ஓரிடத்தில் கூடின.

வீடு திரும்பும் வழியில், பட்டாசு ஆலைகளின் வேலிகளைக் கடந்து வருகையில், அந்தச் சொல் என்னைவிட்டு நீங்கவில்லை. ரிம்ஃபயர் தோட்டாவின் விளிம்பில் அடைக்கப்பட்டிருப்பது, தட்டினாலே தீப்பற்றும் மருந்து. உராய்வுக்கும் தட்டலுக்கும் மருந்து என்ன செய்யும் என்பதை நம் மாவட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரை இழந்தோம். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மீண்டும் இழந்தோம். இவ்விரண்டுக்கும் இடையிலும் பின்னரும் நடந்த விபத்துகளை அந்தந்த ஊர்க் கல்லறைகள் அறியும்.

ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் நாம் செய்வதென்ன? கண்ணை மாற்றுகிறோம். புதிய குழு, புதிய ஆய்வு, புதிய கேமரா. இவை வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. மங்கிய ஸ்கோப்பை வைத்துக்கொண்டு எவரும் குறிபார்க்க இயலாது. ஆனால் விபத்துகள் ஓர் ஆலையில் மட்டும் நிகழ்ந்திருந்தால் அதைத் திருத்தி அமையலாம். இன்று இங்கே, நாளை அங்கே என்று அவை சிதறி நிகழ்கின்றன. அப்படியானால் ஆட்டம் அடித்தளத்தில் இருக்கிறது என்பதே என் துணிபு.

அந்த அடித்தளம் எது? செய்து முடித்த எண்ணிக்கைக்கே கூலி என்ற முறை கையை விரைவுபடுத்துகிறது. விரைந்த கை மருந்தை உராய்கிறது. உரிமத்தை ஒருவர் வைத்திருக்க, அறைகளை வேறொருவருக்கு உள்குத்தகைக்கு விடும் வழக்கம் பொறுப்பை எவர் தலையிலும் நிற்கவிடுவதில்லை. தீபாவளி நெருங்க நெருங்க, அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் ஓர் அறைக்குள் அமர்கிறார்கள். பீஸ் கூலியைத் தொழிலாளரே விரும்புகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். நாட்கூலி வயிற்றுக்குப் போதுமாயிருந்தால் அந்த விருப்பம் எத்தனை நாள் நிலைக்கும்? மருந்து செலுத்தும் வேலைக்கேனும் நியாயமான நாட்கூலி வேண்டும். ஆபத்தென்று கண்டு எழுந்து வெளியே வருபவரின் கூலி குறைக்கப்படலாகாது. உள்குத்தகைக்கு விட்டவரே முழுப் பொறுப்பையும் சுமக்க வேண்டும்.

நியாயாதிபதிகள் 20-ஆம் அதிகாரம், இடதுகைப் பழக்கமுள்ள 700 கவண்காரரைக் குறித்துப் பேசுகிறது. அவர்களுடைய குறி தவறுவதேயில்லை. 'குறி தவறுதல்' என்பதற்கு அங்கே வரும் எபிரெயச் சொல்தான் வேறு இடங்களில் 'பாவம் செய்தல்' என்று பெயர்க்கப்படுகிறது. ஆயினும் அந்தக் குறி தவறாத கரங்கள் யாருக்காகப் போரிட்டன? கிபியாவின் கொடியவர்களை ஒப்புக்கொடுக்க மறுத்த கூட்டத்துக்காக. கண் கூர்மையாயிருந்தது, அவர்கள் நின்ற இடமோ பிழையாயிருந்தது.

நம் சபைகளில் ஆலை உரிமையாளர்களும் உண்டு, போர்மேன்களும் உண்டு, மருந்து செலுத்தும் சகோதரிகளும் உண்டு. ஒரே பந்தியில் நாம் அப்பத்தைப் பெறுகிறோம். ஆகையால் இதை வேறு யாரிடமோ சொல்லவில்லை, நமக்கே சொல்லிக்கொள்கிறேன். அடக்க ஆராதனையில் ஆறுதல் சொல்வது எங்கள் ஊழியம்தான். ஆனால் அந்த ஆராதனைக்கு அவசியமில்லாமற்போகச் செய்வதும் ஊழியமே.

இந்த வாரம், கண்ணை மாற்றுவதற்கு முன் திருகைத் தொட்டுப் பார்ப்போம். தாங்கி ஆடுகிறதா என்று நேர்மையாய்ச் சோதிப்போம். ஒரு தாளின் கன அளவு விலகலுக்கே தொலைவில் ஓர் உயிர் விலையாகக்கூடும்.

கர்த்தர் நம் கைகளின் வேலையைப் பாதுகாப்பாராக.