சிபாரிசுக் கடிதம் போதுமா?



சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் திண்டிவனம் பக்கத்து இளைஞர் ஒருவர் தம் பாட்டியாருடன் நம்மைக் காண வந்தார். வேதியியலில் பட்டம் பெற்று மூன்றாண்டுகள் ஆகின்றன. தேர்வாணையத் தேர்வை இருமுறை எழுதிவிட்டார். படிப்புக்காகத் தந்தையார் அடகு வைத்த நகை இன்னும் மீளவில்லை. சென்னையில் ஏதேனும் ஒரு வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்றார். இத்தகைய கடிதங்கள் பல எழுதியிருக்கிறோம்; அவற்றால் வேலை பெற்றவர் மிகச் சிலரே என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அருகிலிருந்த பாட்டியார் தம் கண் அறுவையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில் அது நடந்ததாம். "கைப்பிடிச்சுக் கூட்டிப்போனது, கண்ணைச் சோதிச்சது, மருந்து விட்டது எல்லாம் நம்ம ஊர்ப் பக்கத்துப் பொண்ணு, சாமி. பன்னிரண்டாவதுதான் படிச்சிருக்காளாம்" என்றார்.

அச்சொல் நம்மைச் சிந்திக்க வைத்தது. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. கட்டணம் செலுத்துவோரின் வருவாயைக் கொண்டே ஏழைகளுக்கும் பார்வை தருகிறது. 1992இல் கண்ணுக்குள் பொருத்தும் வில்லையைத் தானே செய்து விலையைப் பன்மடங்கு குறைத்தது. புதுச்சேரிக் கிளை 2003இல் வந்தது. பள்ளியிறுதி முடித்த கிராமப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டு பயிற்சி அளித்து, கண் மருத்துவ உதவியாளர்களாக்குவதே அதன் முதுகெலும்பு. மக்களின் தேவையை முதலில் கண்டார்கள். அத்தேவைக்கு உரிய திறனைக் கற்பித்தார்கள். வேலை தானே பிறந்தது.

பட்டப்படிப்பு வீண் என்பது நம் கருத்தன்று. அப்படிப்பை நம் ஊரின் எந்தக் குறைக்குப் பயன்படுத்தலாம் என்று நாம் கேட்பதில்லை என்பதே வருத்தம். திண்டிவனத்தின் பெயரைத் தாங்கிய டி.எம்.வி. நிலக்கடலை இரகங்களை உழவருலகம் அறியும். ஆனால் ஈரம் போகக் காயாத கடலையில் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு உண்டாகிறது. அது மிகுந்தால் ஏற்றுமதிக் கடலையும் திருப்பி அனுப்பப்படும். நட்டம் உழவரைச் சேர்கிறது. ஈரம் பார்த்து, முறையாக உலர்த்தி, தரம் பிரித்து, நச்சைச் சோதித்துத் தரும் ஒரு சிறு நிலையத்தை வேதியியல் கற்றவர் நடத்தலாகாதா? படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கென 2012இல் தமிழக அரசு தொடங்கிய 'நீட்ஸ்' திட்டம் 25 விழுக்காடு மானியம் வழங்குகிறது. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

இளைஞரிடம் இதைச் சொன்னோம். அவர் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. "பட்டம் படிச்சவன் கடலை காயவைக்கவான்னு அப்பா கேட்பாரே, சாமி" என்றார்.

கடிதத்தையும் எழுதிக் கொடுத்தோம். அவர் தந்தையாரைக் காண வரும் வாரம் நாமே செல்லவிருக்கிறோம். பெற்றோரே, இத்தகைய எண்ணத்தோடு உங்கள் பிள்ளை வந்து நின்றால், நகைக்காமல் ஒருமுறை கேட்பீர்களா?