இடுப்புக்கு இசைந்த உறை

2008 நவம்பரில் நியூயார்க் நகரத்து இரவு விடுதியொன்றில், பிளாக்ஸிகோ பரஸ் என்னும் பிரசித்தி பெற்ற அமெரிக்கக் கால்பந்தாட்ட வீரர், உறையின்றி இடுப்பில் செருகியிருந்த கைத்துப்பாக்கி நழுவிக் காலோடு இறங்குவதை உணர்ந்து, பதறிப் பிடிக்கப்போய்த் தம் தொடையையே சுட்டுக்கொண்டார். உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்த வழக்கில் சிறைவாசமும் அனுபவித்தார்.

விசேஷ காரணம் காட்டினாலன்றி ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்ல உரிமமில்லை என்ற நியூயார்க் மாநிலத்தின் நூறாண்டுப் பழமையான விதியை, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022-இல் செல்லாதென்று தள்ளிவிட்டது. அது உசிதமா என்பது தனி விவாதம், எனக்குச் சம்மதமில்லை. ஆயினும், சுமப்பதென்று தீர்மானித்துவிட்டவன் உறையின் சௌகரியத்தை வெறும் ஆடம்பரமாகக் கருதுவது பெரும் அசிரத்தை. விலாவைக் குத்தும் உறையை எவனும் நாள் முழுதும் பொறுத்திரான். கழற்றிக் காரில் போட்டுவிடுவான். காரிலிருந்து களவுபோகும் துப்பாக்கிகளோ அங்கே தீராத தலைவலி.

ஆதலால், இரண்டொரு திருகாணிகளைத் தளர்த்தி, உயரத்தையும் சாய்வையும் அவரவர் தேகவாகுக்கேற்ப மாற்றிக்கொள்ள இடந்தரும் உறையே உத்தமம் என்பேன். தோல் உறை உடம்போடு இழையும், வாஸ்தவம். ஆனால் வியர்வையில் ஊறித் துவண்ட அதன் வாய் உள்ளே மடிந்து, துப்பாக்கியைத் திரும்பச் செருகும் தருணத்தில் விசையை அழுத்தி வெடிக்கச் செய்துவிடக்கூடும். சூட்டில் இளக்கித் துப்பாக்கியின் வடிவிலேயே அழுத்தியெடுக்கும் கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் அவ்விதம் மடிவதில்லை. சருமத்தில் உறுத்துவதுதான் அதன் குறை. அதற்கு உள்ளே ஒரு பனியன் போதும்.